ரூபாய் நோட்டில் இல்லாத பேச்சு

1

வங்கியில் குமாஸ்தா வேலை எனக்கு. நாள் முழுக்க நோட்டு எண்ணுவதுதான் பிழைப்பு. எண்ணுகிற யாரும் நோட்டைப் படிப்பதில்லை. கட்டு சரியா இருக்கா, கள்ள நோட்டு கலந்திருக்கா, அதோட சரி. ஆனால் கவிதை எழுதுகிற பழக்கம் உள்ளவனுக்கு எழுத்து எங்கே கிடந்தாலும் கண் அங்கே போய்விடும். நோட்டின் பின்பக்கத்தில் ஒரு பட்டி இருக்கிறது. 15 மொழிகளில் அந்த நோட்டின் மதிப்பை அதில் அச்சடித்திருப்பார்கள். இந்தியும் ஆங்கிலமும் தனியாகப் பெரிய எழுத்தில். ஆக மொத்தம் 17.

அந்தப் பட்டியில் சமஸ்கிருதம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் இந்த நாடு முழுவதிலும் அதைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 24,821 பேர். கோண்டி இல்லை. அதைச் சொன்னவர்கள் 29 லட்சத்துக்கும் மேல். பீல் மக்களின் பேச்சு இல்லை. அவர்கள் ஒரு கோடிக்கும் மேல். சந்தாலி 2003இல் எட்டாவது அட்டவணையில் ஏறியது, பேசுகிறவர்கள் 73 லட்சம் பேர். அதுவும் அந்தப் பட்டியில் இல்லை. அப்படியானால் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதல்ல கணக்கு. யார் பேசுகிறார்கள் என்பதுதான் கணக்கு. மனுநீதி எழுதிய மொழிக்கு இடமுண்டு, காடு காத்தவன் மொழிக்கு இடமில்லை. இது தோழர்களுக்குப் புதிய செய்தி அல்ல. ஆனால் தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அலைகிற காகிதத்திலேயே இது அச்சடித்துக் கிடக்கிறது என்பதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

சுவிட்சர்லாந்து நோட்டில் நான்கு மொழிகள். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், நான்காவதாக ரோமன்ஷ். ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் சுமார் 60 ஆயிரம் பேர் பேசுகிற பேச்சு அது. போடி நகராட்சிக்குள் அடக்கிவிடலாம் அத்தனை பேரையும். மாடு மேய்ப்பவர்கள், மலைக் குடியானவர்கள் பேச்சு. அது எப்படி நோட்டில் ஏறியது? 1919இலேயே அந்த மக்கள் தங்கள் சிறு சிறு சங்கங்களை ஒன்றுசேர்த்து லியா ருமாந்ச்சா என்ற அமைப்பைக் கட்டினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து இத்தாலிய தேசியவாதிகள், ‘ரோமன்ஷ் தனி மொழியே இல்லை, அது எங்கள் இத்தாலியனின் வட்டார வழக்கு. ஆகவே அந்த மண்ணும் எங்களுடையது’ என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். முசோலினியின் காலம். 1938இல் சுவிட்சர்லாந்து மக்கள் ஓட்டுப்போட்டு அதைத் தேசிய மொழிகளில் ஒன்றாக ஏற்றார்கள். 1996இல் இன்னொரு வாக்கெடுப்பு அதற்கு அரைகுறை ஆட்சிமொழித் தகுதி தந்தது.

‘தனி மொழி இல்லை, எங்கள் மொழியின் வட்டார வழக்கு.’ இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊருக்கு வருவோம்.

2

போடிநாயக்கனூரிலிருந்து வடக்கே, மேற்கே எங்கே பார்த்தாலும் மலை. குரங்கணி, கொட்டகுடி, முதுவாக்குடி, சிறைக்காடு, போடிமெட்டு. அதைத் தாண்டினால் ஏலமலை. விடிவதற்கு முன்னால் நம் காலனிகளிலிருந்து பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறார்களே, அதே மலை. நம்ம ஜனங்க அங்கே கூலி. ஆனால் நாயக்கர் பாளையம் வருவதற்கும் வெள்ளைக்காரன் தோட்டம் போடுவதற்கும் முன்பிருந்தே அந்த மலையில் ஆட்கள் உண்டு. முதுவர், மன்னான், பளியர்.

முதுவருக்கென்று ஒரு பேச்சு உண்டு. தமிழும் மலையாளமும் தெரிந்தவனுக்குப் பாதி பிடிபடும், பாதி நழுவும். மொழியியல்காரர்கள் அதைத் தனிப்பெயரிட்டு, தனிக் குறியீடு கொடுத்துப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். மன்னான் பேச்சுக்கும் பளியர் பேச்சுக்கும் அப்படியே. மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியதால் முதுவர் என்று அவர்களுடைய வாய்வழிக் கதை சொல்லும். மன்னான்களின் கூத்தில் இன்றும் கோவலன் கண்ணகி கதை நடக்கிறது. இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் சிலப்பதிகாரத்தை ஏட்டில் தேடுகிறார்கள். இங்கே அது மலைமேல் ராத்திரியில் கால்சலங்கை கட்டி ஆடிக்கொண்டிருக்கிறது.

1877இல் மன்றோ என்ற வெள்ளைக்காரன் பூஞ்ஞாறு மன்னனிடம் அந்த மலையைக் குத்தகைக்கு எழுதி வாங்கினான். மலையில் இருந்தவனை யாரும் கேட்கவில்லை. அந்த மலைக்கும், பிறகு வந்த தேயிலைக்கும் கண்ணன் தேவன் என்று பேர். அது வெள்ளைக்காரனுக்கு வழிகாட்டிய மலைவாசித் தலைவர்களின் பேர் என்று மலையில் சொல்வதுண்டு. டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகச் சீமைக்குப் போயின. பேரை எடுத்துக்கொண்டார்கள், மலையை எடுத்துக்கொண்டார்கள். பேச்சு யாருக்கும் தேவைப்படவில்லை, அதனால் அது அவர்களிடமே மிஞ்சியது.

அப்புறம் 1956. மொழிவாரி மாநிலம். தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போனதைச் சொல்லி நம் தமிழ்த் தேசியர்கள் இன்றைக்கும் மார்பில் அடித்துக்கொள்கிறார்கள். மலையாளி ‘எங்களுது’ என்றான், தமிழன் ‘எங்களுது’ என்றான். முதுவனின் பேச்சு எது என்று அன்றைக்குக் கேட்ட ஆள் உண்டா? ஒரே குலத்தின் சொந்தபந்தங்களுக்கு நடுவில் கோடு விழுந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை மலையாள எழுத்தைப் படிக்கிறது, இந்தப் பக்கத்துப் பிள்ளை தமிழ் எழுத்தைப் படிக்கிறது. பாட்டியின் பேச்சை எழுத ரெண்டு பேருக்கும் எழுத்து இல்லை.

அம்பேத்கர் 1955இலேயே மொழிவாரி மாநிலங்கள் பற்றி எழுதியபோது இதைத்தான் எச்சரித்தார். மொழியின் பேரால் மாநிலம் அமைந்தால் அங்கே பெருந்தொகையான ஒரு சாதி மேலேறும், சிறு சமூகங்கள் அதன் தயவில் கிடக்க நேரும் என்றார். அந்தப் புத்தகத்தை நாம் சாதிக்காக மட்டும் படித்தோம். மொழிக்காகவும் படிக்கவேண்டும்.

அரசாங்கத்தின் அக்கறையைப் பார்க்கணும்னா தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பள்ளியன், பள்ளியர், பள்ளேயன் என்று மூன்று வரிசை எண்ணில் மூன்று பேர். முதுகர் அல்லது முதுவன் ஓரிடம், முத்துவன் இன்னோரிடம். காது கொடுத்துக் கேட்காத ஒரு குமாஸ்தா, இங்கிலீஷ் எழுத்தில் வெவ்வேறு மாதிரி எழுதிவைத்தது அப்படியே சட்டமாகிவிட்டது. சாதிச் சான்றிதழுக்கு அலைகிற பையனுக்கு அதுவே தலைவலி. பேரையே சரியாகக் கேட்காதவன் பேச்சையா கேட்பான்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பத்தாயிரம் பேருக்குக் குறைந்த தாய்மொழியைத் தனியாக அச்சிடுவதில்லை. 2011இல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. கழித்துக் கூட்டி, சேர்த்து மூடி, கடைசியில் வெளியே தெரிந்தவை 121 மொழிகள். தமிழ் என்ற தலைப்புக்குக் கீழே ‘மற்றவை’ என்று ஒரு வரி, மலையாளத்துக்குக் கீழே ‘மற்றவை’ என்று ஒரு வரி. நம்ம மலைக்காரர்கள் அந்த மற்றவையில் கிடக்கிறார்கள். நாமும் ஒரு காலத்தில் ஊர்க் கணக்கில் அப்படித்தான் கிடந்தோம்.

3

மொழி எப்படிச் சாகிறது? பேசுகிறவர்கள் எல்லாரும் செத்துப்போய் அல்ல. பேச வெட்கப்பட்டுச் சாகிறது.

சில வருஷம் முன்பு ஒரு பெரியவர் பேத்தியோடு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். நூறுநாள் வேலைப் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க. கவுண்டருக்கு முன்னால் நின்று பேத்தியிடம் தன் பேச்சில் ஏதோ கேட்டார். வரிசையில் நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். அந்தப் பிள்ளைக்கு எட்டு ஒன்பது வயசிருக்கும். தலையைக் குனிந்துகொண்டு தமிழில் சொன்னது: “இங்க வச்சு அப்படிப் பேசாத தாத்தா.”

அவ்வளவுதான். ஒரு மொழியின் கழுத்தில் கத்தி வைப்பதற்குச் சட்டம் தேவையில்லை, ராணுவம் தேவையில்லை. வரிசையில் நிற்கிற ரெண்டு பேரின் சிரிப்பு போதும். சிரித்தவர்களில் ஒருவர் நம்ம தெருக்காரர் என்பதையும் இந்தப் பத்திரிகையில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது? ‘மலையாளமும் இல்ல, தமிழும் இல்ல, என்னத்தையோ இழுத்துப் பேசுறானுக’ என்பது போடியில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு.

பள்ளிக்கூடத்தில் இன்னும் கொஞ்சம் நாசூக்காக நடக்கிறது. குடியில் ஐந்து வயசு வரை ஒரு பேச்சு. பிறகு உண்டு உறைவிடப் பள்ளி. வாத்தியார் கெட்டவர் அல்ல, ஆனால் அவருக்குப் பிள்ளையின் பேச்சு தெரியாது. பிள்ளை சொல்வது தப்பாகவே அவர் காதில் விழுகிறது. ஒன்றாம் வகுப்பில் வாயடைத்த பிள்ளை ஐந்தாம் வகுப்பில் நின்றுவிடுகிறது. ‘மலைவாசிக்குப் படிப்பு ஏறாது’ என்று ஊர் முடிவுகட்டுகிறது. அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யச் சொல்கிறது. 1956 முதல் அந்தப் பிரிவு புத்தகத்தில் இருக்கிறது.

முதுவர் குடிகளில் இளந்தாரி மடம் என்று ஒன்று உண்டு. கல்யாணமாகாத பையன்கள் ராத்திரியில் ஒன்றாகத் தங்குகிற இடம். பாட்டு, கதை, காட்டு வழி, விலங்கின் தடம், முறை எல்லாம் பெரியவர் வாயிலிருந்து பிள்ளை காதுக்குப் போன இடம் அது. பிள்ளைகள் ஹாஸ்டலுக்குப் போனபின் மடத்தில் யார் இருப்பார்கள்? காட்டுக்குள் போகவே அனுமதிச் சீட்டு கேட்கிற நிலையில், தேனுக்கும் கிழங்குக்கும் இருந்த நூறு சொற்களுக்கு வேலை என்ன? வேலை இல்லாத சொல் பட்டினி கிடந்து போய்விடும். ஆகவே 2006இன் வன உரிமைச் சட்டம் இந்த மலையில் ஒழுங்காக அமலாவதும் மொழிப் பிரச்சினைதான். நிலத்தை விட்டுவிட்டு மொழியை மட்டும் காப்பாற்றுவது, மரத்தை வெட்டிவிட்டு நிழலைப் பாதுகாப்பதற்குச் சமம்.

4

சரி, யாராவது ஏதாவது செய்கிறார்களா? செய்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் தமிழக அரசின் நிதிநிலை அறிக்கையில் ஒரு அறிவிப்பு வந்தது. தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் முதலிய மக்களின் மொழி வளங்களை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய். வரவேற்கவேண்டியதுதான். ஆனால் பேர் சொன்ன ஐந்தில் நம் மலை இல்லை. முதுவரும் மன்னானும் பளியரும் அந்த ‘முதலிய’வுக்குள் ஒளிந்திருப்பதாக நம்பவேண்டியதுதான். ஆவணம் என்பதிலும் எனக்கு ஒரு பயம் உண்டு. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு குழு மலையேறும், பாட்டி பாடுவாள், பாட்டு சென்னையில் ஒரு கம்ப்யூட்டருக்குள் போய் உட்காரும். பாட்டியின் பேத்திக்கு அந்தப் பாட்டு கிடைக்காது. ஒருத்தனுக்கு முனைவர் பட்டம் கிடைக்கும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் வேறுவிதமான முயற்சிகள் நடக்கின்றன. கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக 2010இல் இடமலைக்குடி உருவானது, முழுக்க முதுவர்களின் குடிகள். அந்தக் காட்டுக்குள் சின்னத்தம்பி என்பவர் தன் டீக்கடையிலேயே நூலகம் நடத்தியதைப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதினார். படிக்க ஆள் இல்லை என்று மலையைப் பார்த்து யாரும் சொல்லமுடியாது. மறையூரில் அசோகன் என்ற முதுவர் கவிஞர் தன் குடியின் பேச்சிலேயே மலையாள எழுத்தில் கவிதை எழுதுகிறார். ஒரு பேச்சில் கவிதை வந்துவிட்டால் அதை வட்டார வழக்கு என்று தள்ளுவது கஷ்டம். கவிதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் தனிச் சந்தோஷம். வயநாட்டில் 2017 முதல், பழங்குடிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் அதே மக்களிலிருந்து படித்த இளைஞர்களை வழிகாட்டி ஆசிரியர்களாக நியமித்தார்கள். பிள்ளையின் பேச்சு புரிகிற ஒரு ஆள் வகுப்பறையில் நிற்கிறார். ரொம்பச் சின்ன ஏற்பாடு, பெரிய வித்தியாசம்.

சின்னார் காட்டுக்குள் தாயண்ணன்குடியில் நடப்பது இன்னொன்று. அழிந்துகொண்டிருந்த பழைய கேப்பை ரகங்களை முதுவர்கள் மறுபடி விதைத்திருக்கிறார்கள். இதை மொழித் திட்டம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு பேர், ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சொல் இருக்கும்தானே. விதை முளைக்கும்போது சொல்லும் கூடவே முளைக்கிறது.

ஏலத்தோட்டங்களுக்கு இப்போது ஜார்க்கண்டிலிருந்து ஆள் வருகிறது. அவர்களில் சந்தாலி பேசுகிற ஆதிவாசித் தோழர்கள் உண்டு. நாம் ‘இந்திக்காரன்’ என்கிறோம். அவர்கள் மொழிக்கு 1925இல் ரகுநாத் முர்மு என்ற ஆதிவாசி ஆசிரியர் ஒல் சிக்கி என்ற எழுத்தையே உருவாக்கினார். அரசாங்கம் உருவாக்கவில்லை. பிறகு மக்கள் பல பத்தாண்டுகள் போராடித்தான் எட்டாவது அட்டவணையில் ஏறினார்கள். கூலிக்கு வந்தவன் என்று நாம் பார்க்கிற ஆளிடம் நம் மலைக்காரர்கள் கற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டின் அனுபவம் இருக்கிறது.

ரோமன்ஷ்காரர்களிடம் கற்கவேண்டியதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. அவர்களுக்குள் பள்ளத்தாக்குக்கு ஒன்றாக ஐந்து எழுத்து வழக்குகள். 1982இல் ஒரு மொழி அறிஞரைக் கொண்டு எல்லாவற்றையும் கலந்து ஒரு பொது ரோமன்ஷ் உருவாக்கினார்கள். அரசுத் தாளுக்கு அது உதவியது. பள்ளிப் பாடநூலுக்குள் அதைத் திணித்தபோது ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்பியது. ‘இது எங்கம்மா பேச்சு இல்லை’ என்றார்கள். பல ஊர்கள் பழைய வழக்குக்கே திரும்பிவிட்டன. நாளைக்கு யாராவது ‘செந்தரமான முதுவான் மொழி’ தயாரித்துக்கொண்டு மலையேறினால் இதை ஞாபகப்படுத்தவேண்டும்.

5

நம் தோழர்களிடமிருந்து வரக்கூடிய சில கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்வி: ‘இங்கிலீஷ் படிச்சாத்தான் விடுதலை. செத்துக்கிட்டிருக்கிற பேச்சைக் கட்டிக்கிட்டு அழச் சொல்றியா?’ இங்கிலீஷ் வேண்டும், சந்தேகமே இல்லை. அது இல்லாமல் நானும் இந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கமுடியாது. ஆனால் பிள்ளை இங்கிலீஷ் வரை போகணும்னா முதல் ரெண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் நிற்கணும். அதை நிற்கவைப்பது அதன் சொந்தப் பேச்சு. ஏணியின் கீழ்ப்படியை உடைத்துவிட்டு மேல்படியைக் காட்டுவது ஏமாற்று.

இரண்டாவது: ‘பழங்குடிப் பண்பாட்டைப் பாதுகாக்கணும்னா அதிலுள்ள அழுக்கையும் சேர்த்தா?’ நியாயமான கேள்வி. மாதவிடாய் நாட்களில் பெண்களைத் தனிக் குடிசைக்கு ஒதுக்குகிற வழக்கம் முதுவர் குடிகளில் உண்டு. தீட்டை எதிர்த்துப் பிறந்த இயக்கம் மலைமேல் இருக்கும் தீட்டைப் பண்பாடு என்று கும்பிடமுடியாது. பேச்சு வாழட்டும், குடிசை ஒழியட்டும். அந்தக் குடிசையை எதிர்த்து ஒரு முதுவர் பெண் தன் சொந்தப் பேச்சிலேயே பேசும் நாள்தான் அந்த மொழிக்கு நல்ல நாள். அதையும் அவள்தான் சொல்லவேண்டும், நாம் கீழேயிருந்து கத்தக்கூடாது.

மூன்றாவது, தமிழ்த் தேசிய நண்பர்களுடையது: ‘அது தமிழ்தான்யா, தமிழைத் துண்டு துண்டா ஆக்காதீங்க.’ முசோலினி காலத்து இத்தாலியன் சொன்னதும் இதைத்தான். எல்லாம் தமிழ் என்றால் ஏன் அந்தப் பிள்ளையின் பேச்சு உங்கள் பள்ளிக்கூடத்தில் தப்பாகிறது? இந்தி நம்மீது ஏறினால் வலிக்கிறது என்று 1938லும் 1965லும் தெருவுக்கு வந்தோம். அதே வலி மலைக்காரனுக்கு வரும்போது அதற்குப் பேர் பிரிவினையா? வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற அருந்ததியத் தோழர்களைப் பார்த்து ‘வந்தேறி’ என்று சொல்கிற வாய்தான் இங்கே ‘அதுவும் தமிழ்தான்’ என்கிறது. ஒருத்தனை வெளியே தள்ளுவதும் இன்னொருத்தனை விழுங்குவதும் ஒரே வாய்.

நமக்கு இதில் என்ன சம்பந்தம்? நிறைய. நம் சேரிப் பேச்சைக் கொச்சை என்று இலக்கணக்காரர்கள் ஒதுக்கிய காலம் ரொம்ப தூரத்தில் இல்லை. 1992இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது ‘இதெல்லாம் ஒரு தமிழா’ என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. நாம் அந்தக் கொச்சையையே இலக்கியமாக்கிக் காட்டினோம். அப்படிச் செய்தவன், இன்னொருவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிற வரிசையில் நிற்கலாமா?

ஆகவே சில வேலைகள். மேல்மலைக் குடிகளின் அங்கன்வாடியிலும் முதல் ரெண்டு வகுப்பிலும் அந்தக் குடியிலிருந்தே ஒரு ஆளைச் சம்பளத்துக்கு நியமிக்கக் கேட்போம். நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 1982இல் மழலையர் கூடங்களைத் தொடங்கி, தாத்தா பாட்டிகளை அதில் உட்காரவைத்துத்தான் தங்கள் மொழியைப் பிள்ளை வாய்க்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இங்கேயும் பாட்டிகள் இருக்கிறார்கள். பதிவு செய்கிற ஒவ்வொரு பாட்டும் கதையும் முதலில் அந்தக் குடிக்கே சொந்தம், ஒரு பிரதி அங்கேயே இருக்கவேண்டும் என்பதை நிபந்தனையாக்குவோம். எழுத்து தமிழா மலையாளமா என்பதை எல்லையின் ரெண்டு பக்கத்து முதுவர்களும் கூடிப் பேசி முடிவெடுக்கட்டும். 2027 கணக்கெடுப்பில் தாய்மொழி என்ன என்று கேட்கும்போது எழுதுகிறவர் தானாகத் ‘தமிழ்’ என்று நிரப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை, மாவட்டத்தில் படிக்கிற நம் மாணவர்களுடையது. அது ‘மற்றவை’யில் போய் விழுந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டு விழட்டும்.

நம் இதழுக்கும் ஒரு கோரிக்கை. அடுத்தடுத்த இதழ்களில் ஒரு பக்கத்தை மலைக்கு ஒதுக்குங்கள். முதுவரோ பளியரோ தங்கள் பேச்சில் சொல்வதைத் தமிழ் எழுத்தில் அப்படியே போடுங்கள், ‘திருத்தாமல்’. வாசகருக்குப் பாதி புரியாமல் போகலாம். ஒரு பக்கம் புரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று நாமும் கொஞ்சம் பார்ப்போமே. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.